ஐடியை விடவும் முடியவில்லை, ஓட்டவும் முடியவில்லை

கேள்வி: எனக்கு வயது 29. டிப்ளமோ படித்தவன். சென்னை கொளத்தூரில் இருக்கிறேன். மூன்று வருடமாக ஒரு உணவு டெலிவரி ஆப்பில் ஓட்டுகிறேன். அதற்கு முன்பு ஒரகடத்தில் ஓர் உதிரிபாகக் கம்பெனியில் கான்ட்ராக்டில் இருந்தேன். சூப்பர்வைசர் எல்லார் முன்னாலும் திட்டுவார். தாங்க முடியாமல் வெளியே வந்துவிட்டேன். இப்போது மாதம் 26 நாள் ஓட்டினால் சுமார் 27,000 ரூபாய் வருகிறது. ஆனால் தினமும் 12 மணி நேரம், 110 கிலோமீட்டர். போன மாதம் ஒரு கஸ்டமர் சாப்பாடு வரவில்லை என்று பொய் சொன்னதால் மூன்று நாள் என் ஐடியை (ஆப்பில் நான் ஓட்டும் கணக்கை) பிளாக் செய்தார்கள். நாலாவது நாள் தானாகத் திறந்தது. யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அன்றிலிருந்து மனசே விட்டுப்போச்சு.

மாமா பையன் ஸ்ரீபெரும்புதூரில் ஒரு குடோனில் 16,500 ரூபாய் சம்பளத்துக்கு ஆள் எடுக்கிறார்கள், பிஎஃப், இஎஸ்ஐ உண்டு என்கிறான். கம்பெனி பஸ் எங்கள் பக்கத்து ஏரியாவான பாடி வரை வருமாம். மனைவி போகச் சொல்கிறாள். பைக் இஎம்ஐ 3,900, இன்னும் ஏழு மாதம் இருக்கிறது. தினமும் 200 ரூபாய் தண்டல் (தினத் தவணைக் கடன்) கட்டுகிறேன், 45 நாள் பாக்கி. அம்மாவுக்கு சுகர், மாத்திரைக்கே மாதம் 1,800 ஆகிறது. வீடு அப்பா கட்டியது, வாடகை இல்லை. மனைவி ப்ளவுஸ் தைத்துக் கொஞ்சம் சம்பாதிக்கிறாள். என்னோடு சேர்ந்த பசங்க எல்லாம் விட்டுப் போய்விட்டார்கள். நான் மட்டும் ஏன் விட முடியாமல் கிடக்கிறேன்? போகலாமா, இருக்கலாமா?

– பெயர் வெளியிட விரும்பாத வாசகர், சென்னை

பதில்:

அன்புள்ள தம்பிக்கு,

கூட வந்தவர்கள் போய்விட்டதையும் நீங்கள் இருப்பதையும் உங்கள் குறையாகப் பார்க்கிறீர்கள். முதலில் அதைக் கீழே இறக்கி வையுங்கள். இந்த வேலையில் விட்டுப் போவதுதான் வழக்கம். அமெரிக்காவில் ஊபர் ஓட்டுநர்களின் கணக்குகளை வைத்து ஸ்டான்ஃபோர்டு, சிகாகோ பல்கலைக்கழகப் பொருளியலாளர்கள் ஊபர் ஆட்களோடு சேர்ந்து 2018-ல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். புதிதாகச் சேர்ந்தவர்களில் நூற்றுக்கு அறுபது பேருக்கு மேல் ஆறு மாதத்துக்குள் ஓட்டுவதை நிறுத்தியிருந்தார்கள். நம் ஊர் வேறு, நம் தேவைகள் வேறு. ஆனாலும் இங்கே ஆலோசனைக்கு வருபவர்களிடம் நான் பார்ப்பதும் அதே சாயல்தான். சேருவது சுலபம், போவது அதைவிடச் சுலபம். ஆட்கள் போய்க்கொண்டே இருப்பார்கள் என்று தெரிந்துதான் நிறுவனங்களும் நடத்துகின்றன. ஒருவர் போனால் இன்னொருவரை அழைத்து வர ரெஃபரல் போனஸ் கொடுப்பார்கள். அதனால் நீங்கள் கோபத்தில் போனாலும் அந்தக் கோபம் அங்கே யார் காதிலும் விழாது.

மூன்று வருடம் தாக்குப்பிடித்திருக்கிறீர்கள் என்றால் ஏதோ ஒன்று உங்களைப் பிடித்து வைத்திருக்கிறது. அது எது என்று தெரிந்தால் உங்கள் கேள்விக்குப் பாதிப் பதில் கிடைத்துவிடும். உங்களுக்குப் பிடித்த விஷயம் ஒன்று பிடித்து வைத்திருக்கலாம். கட்டாயமாகக் கட்டிப்போட்ட விஷயமாகவும் இருக்கலாம். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும், ஓட்டுபவருக்கே பல சமயம் பிரித்துப் பார்க்க வராது.

உங்களுக்குப் பிடித்தது எது என்பது கடிதத்திலேயே இருக்கிறது: தலைக்கு மேல் நின்று திட்ட ஆள் இல்லை. இதை நான் சின்ன விஷயமாக நினைக்கவில்லை. தொழிற்சாலை, கடை, ஹோட்டல் என்று வேலை பார்த்துவிட்டு ஆப்புக்கு வந்த பலர் முதலில் சொல்வது சம்பளத்தைப் பற்றி இல்லை. "காலையில எழுந்து யார் மூஞ்சிலயும் முழிக்க வேணாம் சார்" என்பார்கள். எந்த ஊர், எந்தத் தெரு என்று துருவி ஆளை எடைபோடும் மேஸ்திரி இங்கே கிடையாது. அம்மாவை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போக லீவு லெட்டர் எழுத வேண்டியதில்லை, லாக்-அவுட் செய்தால் போதும். இதையெல்லாம் அனுபவித்தவர் மறுபடி பஞ்ச் கார்டுக்குப் போகத் தயங்குவது நியாயம்தான்.

ஆனால் போன மாதம் அந்த நிம்மதியைத்தான் கெடுத்துவிட்டார்கள். திட்டுகிற சூப்பர்வைசர் இல்லை, சரி. காரணம் கேட்கவும் ஆள் இல்லையே. எனக்குத் தெரிந்தவரை மனதளவில் ஒருவர் இந்த வேலையை விடுவது பெரும்பாலும் இப்படியான ஒரு நாளில்தான். ஆர்டருக்குக் கிடைக்கும் காசு குறைவு என்று ஆண்டுக்கணக்கில் முணுமுணுத்துக்கொண்டே ஓட்டுவார்கள். திடீரென்று ஒரு திங்கட்கிழமை ஆர்டருக்கு எவ்வளவு என்று சொல்லும் ரேட் கார்டு மாறும், அல்லது ஐடி பிளாக் ஆகும், அல்லது அபார்ட்மெண்ட் செக்யூரிட்டி லிஃப்டில் ஏறாதே என்பார். அன்றைக்கு உள்ளே ஏதோ அறுந்துவிடும். குறைந்த கூலியைவிட, "நம்மை ஒரு ஆளாகவே மதிக்கவில்லை" என்பதுதான் அதிகம் பேரை வெளியே தள்ளுகிறது. கர்நாடகத்தில் 2025-ல் கொண்டுவந்த சட்டத்தில், ஒரு தொழிலாளியை நீக்குவதற்கு முன் எழுத்துமூலம் காரணம் சொல்லி 14 நாள் நோட்டீஸ் தர வேண்டும் என்று வைத்ததற்குப் பின்னால் இருப்பதும் இந்த வலிதான்.

சரி, மனசு விட்டுப்போன பிறகும் ஏன் ஓட்டுகிறீர்கள்? இங்கேதான் தண்டல் வருகிறது. கடிதத்தில் அதை ஒரே வரியில் கடந்து போய்விட்டீர்கள். எனக்கு அதுதான் பெரிதாகப் படுகிறது.

தினமும் 200 என்றால் மாதம் 6,000. ஆப்பில் வாராவாரம் பணம் விழுகிறது, இடையில் டிப்ஸ் வருகிறது, கேஷ் ஆர்டர் பணம் கையில் புரள்கிறது. அதனால் தண்டல் ஓடுகிறது. குடோன் வேலையில் ஒன்றாம் தேதி சேர்ந்தால் முதல் சம்பளம் அடுத்த மாதம் ஏழாம் தேதி வாக்கில்தான் கைக்கு வரும். தண்டல்காரர் அதுவரை காத்திருக்க மாட்டார். ஆக, உங்களை இந்த ஆப்பில் உட்கார வைத்திருப்பது சுதந்திரமும் இல்லை, கோழைத்தனமும் இல்லை. தினமும் சாயங்காலம் ஏழு மணிக்கு வீட்டு வாசலுக்கு வரும் அந்த நோட்டுப்புத்தகம். இதைச் சொல்வதில் எனக்கு வருத்தம் இருக்கிறது, ஏனென்றால் டெலிவரி ஓட்டும் பலருடைய வீட்டிலும் இதே கதைதான். விபத்தோ, பைக் ரிப்பேரோ, பிள்ளைக்குக் காய்ச்சலோ வந்தால் வங்கி தராது, தண்டல் தரும். தண்டல் வந்ததும் ஆப்பை விட முடியாது. விட முடியாததால் 12 மணி நேரம். 12 மணி நேரம் ஓட்டினால் உடம்பும் வண்டியும் தேய்ந்து, மறுபடி தண்டல்.

இனி கணக்கைப் பார்ப்போம். 27,000 என்பது கைக்கு வரும் தொகை, அது உங்கள் கூலி ஆகாது.

110 கிலோமீட்டருக்கு, வண்டி லிட்டருக்கு 45 கிலோமீட்டர் கொடுத்தாலும், சுமார் இரண்டரை லிட்டர் பெட்ரோல். சென்னையில் லிட்டர் நூறு ரூபாயைத் தாண்டியிருப்பதால் மாதம் 6,400 போகிறது. மாதம் 2,860 கிலோமீட்டர் ஓடுகிற வண்டிக்கு மாதா மாதம் ஆயில் மாற்ற வேண்டும். செயின் ஸ்ப்ராக்கெட், பிரேக் ஷூ, டயர் என்று பிரித்துப் போட்டால் 1,500 ரூபாய்க்குக் குறையாது. போன் ரீசார்ஜ், ஹெட்செட், கவர் எல்லாம் சேர்த்து 400. அப்புறம் யாரும் கணக்கில் சேர்க்காத ஒன்று, வண்டியின் தேய்மானம். வருடத்துக்கு 34,000 கிலோமீட்டர் ஓடுகிறது. ஆபீஸ் போய் வருகிறவர் நாலைந்து வருடம் ஓட்டுவதை நீங்கள் ஒரே வருடத்தில் ஓட்டிவிடுகிறீர்கள். இஎம்ஐ முடியும்போது விற்க என்ன மிஞ்சும் என்று உங்கள் மெக்கானிக்கிடம் கேட்டுப் பாருங்கள். மாதம் 2,000 தேய்மானம் என்று நான் வைப்பது அதிகம் இல்லை. இதையெல்லாம் கழித்தால் உங்கள் உண்மையான கூலி 16,700. மாதம் 312 மணி நேரத்துக்கு, மணிக்கு 53 ரூபாய் சொச்சம்.

குடோன் பக்கம் வாருங்கள். 16,500-ல் அடிப்படைச் சம்பளம் 12,000 என்று வைத்துக்கொண்டால் பிஎஃப் 1,440, இஎஸ்ஐ முக்கால் சதவீதம் 124. கைக்கு 14,936. எட்டு மணி நேர வேலையோடு பஸ்ஸில் போய்வர இரண்டரை மணி நேரத்தையும் சேர்த்தால் மாதம் 273 மணி நேரம். மணிக்கு 54 ரூபாய் சொச்சம்.

இரண்டும் ஒன்றுதான், பார்த்தீர்களா? குடோனுக்குப் போனால் வாழ்க்கை செழித்துவிடும் என்று நான் சொல்ல மாட்டேன். ஆப்பில் நல்ல காசு, குடோனில் அடிமாட்டு விலை என்று நண்பர்கள் சொன்னால் அதையும் நம்பாதீர்கள். வித்தியாசம் மணிக்கூலிக்கு வெளியே இருக்கிறது. குடோனில் உங்கள் பங்கும் கம்பெனி பங்குமாக மாதம் 2,880 ரூபாய் பிஎஃப் கணக்குக்குப் போகும் (அதில் ஒரு பகுதி ஓய்வூதியத்துக்கு). இஎஸ்ஐ-யில் உங்களுக்கும் மனைவிக்கும், உங்களை நம்பியிருக்கும் அம்மாவுக்கும் மருத்துவம் கிடைக்கும். சுகர் மாத்திரையை மருந்தகத்தில் வரிசையில் நின்று வாங்க வேண்டும்தான், ஆனால் அந்த 1,800 மிச்சம். வேலையில் அடிபட்டால் ஓய்வில் இருக்கும் நாட்களுக்குப் பணம் உண்டு. ரோட்டில் இருக்கும் நேரமும் குறையும். இந்த வேலையில் நான் மிகவும் பயப்படுவது ரோட்டுக்குத்தான். மழையில், இரவு பதினொரு மணிக்கு, "இன்னும் ரெண்டு ஆர்டர் போட்டா இன்சென்டிவ் விழும்" என்று கண்ணைக் கசக்கிக்கொண்டு வண்டியைத் திருப்புகிறீர்களே, அந்த இரண்டு ஆர்டர்தான் என்னைத் தூங்கவிடாமல் செய்வது.

ஒன்றை மறைக்கக் கூடாது. மாதாமாதம் கையில் புரளும் பணம் குறையும். இப்போது பெட்ரோல், சர்வீஸ், போன், இஎம்ஐ போக உங்களிடம் சுமார் 14,800 நிற்கிறது. குடோனில் இஎம்ஐ போக 11,000 நிற்கும். அம்மாவின் மருந்தும் வெளியில் சாப்பிடும் டீ, டிபன் செலவும் மிச்சமானால் இந்தப் பள்ளம் பெருமளவு மூடும். கேன்டீன் இல்லாத இடமென்றால் மூடாது. அதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். ஏழு மாதம் கழித்து இஎம்ஐ முடிந்ததும் மூச்சு விடலாம்.

ஆகவே என் பதில்: போங்கள், ஆனால் இன்றைக்கு இல்லை. தண்டல் முடிந்த பிறகு.

45 நாள் பாக்கியை நகையை வைத்து இன்றே அடைத்துவிடலாமா என்று தோன்றும். வேண்டாம். தண்டலில் வட்டியை முதலிலேயே பிடித்துக்கொண்டுதானே கொடுத்தார்? முன்கூட்டிக் கட்டினால் அவர் தள்ளுபடி தந்தால் ஒழிய உங்களுக்கு ஒரு ரூபாய்கூட மிச்சம் இல்லை. அப்படியே கட்டி முடியுங்கள். முடிகிற நாளன்று "இன்னொரு இருபதாயிரம் எடுத்துக்கோ தம்பி" என்று அவரே கேட்பார். இந்த விஷயம் முழுவதும் அந்த ஒரு நிமிடத்தில்தான் இருக்கிறது. நூறு நாள் தண்டலில் வருட வட்டியாகப் பார்த்தால் நூறு சதவீதத்தையே தாண்டலாம் என்பதை மனைவியோடு உட்கார்ந்து ஒருமுறை பேப்பரில் போட்டுப் பாருங்கள். அப்புறம் வேண்டாம் என்று சொல்வது எளிதாகும். சேர்ந்த பிறகு முதல் சம்பளம் வரும்வரை இருக்கும் ஐந்து வாரத்துக்கு, தேவைப்பட்டால், மனைவி சம்மதித்தால், வங்கியிலோ கூட்டுறவு வங்கியிலோ 15,000 ரூபாய்க்கு நகைக்கடன் வாங்குங்கள். வட்டி மாதம் நூறு, நூற்றைம்பது ரூபாய்க்குள் நிற்கும். இன்னொரு வழியும் இருக்கலாம். உங்கள் வருமானத்தில் நிறுவனம் 1 சதவீதம் டிடிஎஸ் (முன்கூட்டியே பிடிக்கும் வருமான வரி) பிடித்திருக்கிறதா என்று வருமான வரித் தளத்தில் உள்ள 26ஏஎஸ் படிவத்தில் பாருங்கள். பிடித்திருந்தால் ரிட்டர்ன் போட்டால் திரும்பக் கிடைக்கும். ஓட்டுபவர்களில் பலர் இந்தப் பணத்தைக் கேட்பதே இல்லை.

மாமா பையனிடம் ஒன்றரை மாதம் கழித்து வருகிறேன் என்று சொல்லுங்கள். குடோன் வேலையிலும் ஆட்கள் வருவதும் போவதுமாகத்தான் இருப்பார்கள், இடம் கிடைக்கும். அதற்குள் அவரிடம் கேட்க வேண்டியவை சில: வேலை கம்பெனி பெயரிலா, கான்ட்ராக்டர் பெயரிலா? நியமனக் கடிதம் கையில் தருவார்களா? அங்கே இருப்பவர்களுக்கு இஎஸ்ஐ எண்ணும் பிஎஃப் கணக்குக்கான யுஏஎன் எண்ணும் உண்மையில் வந்திருக்கிறதா? "உண்டு" என்று வாயால் சொல்வதற்கும் எண் வந்திருப்பதற்கும் நிறைய தூரம். ஓவர்டைம் கட்டாயமா, நைட் ஷிப்ட் எத்தனை வாரத்துக்கு ஒருமுறை? அப்புறம், உங்களைப் பொறுத்தவரை முக்கியமானது, அந்த ஷிப்ட் இன்சார்ஜ் எப்படிப்பட்ட ஆள்? ஒரகடத்தில் பட்டது மறுபடி நடந்தால் மூன்றே மாதத்தில் திரும்பி வந்துவிடுவீர்கள். முடிந்தால் ஷிப்ட் விடும் நேரத்தில் கேட்டில் நின்று இரண்டு பேரிடம் பேசிப் பாருங்கள். வெளியே வரும் முகங்களைப் பார்த்தாலே பாதி தெரிந்துவிடும்.

இந்த 45 நாளும் ஓட்டுவீர்கள் அல்லவா, அதற்கும் ஒரு வார்த்தை. ஒரு நாளுக்கு ஆயிரம் ரூபாய் என்று இலக்கு வைத்துத்தான் ஓட்டுகிறீர்கள் என்று நினைக்கிறேன், உங்கள் எண்கள் அப்படித்தான் சொல்கின்றன. நியூயார்க் டாக்ஸி ஓட்டுநர்களைப் பற்றி 1997-ல் வந்த ஓர் ஆய்வு இதைத்தான் கண்டது: தினசரி இலக்கு வைத்தவர்கள் சவாரி நன்றாக இருக்கும் நாளில் சீக்கிரம் வீட்டுக்குப் போனார்கள், மந்தமான நாளில் நீட்டி நீட்டி ஓட்டினார்கள். பின்னால் வந்த சில ஆய்வுகள் அந்த அளவுக்கு இல்லை என்று மறுத்தன. ஆனால் நீங்களே ஒரு வாரம் குறித்து வைத்துப் பாருங்கள். மதியம் மூன்று மணிக்கு மேல் ஹோட்டல் வாசலில் உட்கார்ந்திருக்கும் நேரத்துக்கு எவ்வளவு வந்தது, இரவு எட்டிலிருந்து பத்து வரை எவ்வளவு வந்தது? ரூபாயைப் பார்த்து நிறுத்தாமல், நேரத்தைப் பார்த்து நிறுத்துங்கள். மந்தமான நேரத்தில் வீட்டில் படுங்கள்.

வேறு ஆப்புக்கு மாறுவதைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் நண்பர்கள் கூப்பிட்டிருப்பார்கள். மளிகை டெலிவரியில் தூரம் குறைவு, பெட்ரோல் மிச்சம். ஆனால் ஸ்டோர் வாசலில் மேனேஜர் இருப்பார், மூட்டை தூக்க வேண்டும், அவசரம் அதிகம். இங்கே மூன்று வருடம் சேர்த்த ரேட்டிங்கும் பெயரும் அங்கே செல்லாது, புது ஐடியில் பூஜ்யத்திலிருந்து தொடங்க வேண்டும். உங்கள் தண்டலுக்கும் அம்மாவின் மருந்துக்கும் அந்த மாற்றம் ஒன்றும் செய்யாது.

உதவிகள் சில இருக்கின்றன. தமிழ்நாட்டில் உங்களைப் போன்றவர்களுக்கென்று 2023-ல் தனி நல வாரியம் அமைத்தார்கள். இன்னும் பதிவு செய்யவில்லை என்றால் உடனே செய்யுங்கள். 2025-26 பட்ஜெட்டில் வாரியத்தில் பதிவு செய்த 2,000 பேருக்கு மின்சார ஸ்கூட்டர் வாங்க 20,000 ரூபாய் மானியமும் ஒன்றரை லட்சம் பேருக்குக் குழு விபத்துக் காப்பீடும் அறிவித்தார்கள். பதிவு இல்லாதவருக்கு இதில் எதுவும் வராது. அமைப்புசாராத் தொழிலாளர்களுக்கான மத்திய அரசின் இ-ஷ்ரம் தளத்திலும் பெயரைச் சேருங்கள். 2025 நவம்பர் 21 முதல் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு நடைமுறைக்கு வந்திருக்கிறது. டெலிவரி ஆப் போன்ற நிறுவனங்கள் தங்கள் ஆண்டு வருவாயில் 1 முதல் 2 சதவீதம் வரை தொழிலாளர் நிதிக்குத் தர வேண்டும் என்று அதில் இருக்கிறது. 2025 இறுதியில் வந்த அதன் வரைவு விதிகள், பலன் பெற ஒரே நிறுவனத்தில் என்றால் ஆண்டில் 90 நாள், பல நிறுவனங்களில் என்றால் 120 நாள் வேலை செய்திருக்க வேண்டும் என்றன. அதனால் நீங்கள் ஓட்டிய நாட்களுக்கான பே-அவுட் ஸ்டேட்மென்ட்களை இப்போதே இறக்கி, மெயிலில் போட்டு வையுங்கள். ஐடி மூடினால் ஆப்புக்குள் போய் எடுக்க முடியாமல் போகலாம். நிறுவனத்தின் விபத்துக் காப்பீடு எப்போது செல்லும், லாகினில் இருந்தாலேவா, ஆர்டர் கையில் இருக்கும்போது மட்டுமா என்பதையும் படித்து, மனைவிக்கும் சொல்லி வையுங்கள். உங்கள் பைக் பாலிசி சொந்த உபயோகத்துக்கு மட்டும் என்று எடுத்ததாக இருந்தால், டெலிவரியில் நடந்த விபத்துக்கு க்ளெய்ம் கேட்கும்போது சிக்கல் வரலாம். ஏஜெண்டிடம் பேசிவிடுங்கள்.

குடோனில் சேர்ந்ததும் ஐடியை டெலீட் செய்யாதீர்கள். அப்படியே விட்டுவிடுங்கள். ஞாயிற்றுக்கிழமை சில மணி நேரம் ஓட்டலாமா என்பதைப் புது கம்பெனியின் விதியைப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். முதல் இரண்டு மாதம் ஓட்டாமல் இருந்தால் நல்லது, உடம்பு பழக வேண்டும்.

ஒருவேளை மாமா பையன் சொன்ன பதில்கள் சரியாக இல்லை என்றால், நியமனக் கடிதம் இல்லை, இஎஸ்ஐ எண் யாருக்கும் வரவில்லை என்றால், அந்த வேலைக்குப் போகாதீர்கள். கான்ட்ராக்டில் ஒருமுறை பட்டது போதும். ஆப்பிலேயே பத்து மணி நேரத்தோடு நிறுத்திக்கொண்டு, தண்டல் முடிந்ததும் அதே 200 ரூபாயை தினமும் மனைவி கையில் கொடுத்து வாருங்கள். 90 நாளில் 18,000 சேரும். அது கையில் இருந்தால் அடுத்த வேலையை நிதானமாகத் தேடலாம். உங்கள் டிப்ளமோ எந்தப் பிரிவு என்று எழுதவில்லை. எழுதுங்கள், அதை வைத்து அம்பத்தூர் பக்கம் என்ன பார்க்கலாம் என்று சொல்கிறேன்.